வழக்கில் இல்லாத வீடு

அபையாங் தீவின் நிலநீதிமன்றம் மொரேத்திக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னபோது ஊரில் யாரும் ஆச்சரியப்படவில்லை. அவனுக்கும் அவன் பெரியப்பா மகன் தெகாரேவுக்கும் எல்லைத் தகராறு பல வருடமாக இழுத்துக்கொண்டிருந்தது. தெகாரே தலைநகர் தாராவாவில் வேலை பார்ப்பவன். விசாரணைக்கே சரியாக வரவில்லை. நீதிபதிகள் மூவரும் நிலத்தை நடந்து பார்க்காமலே கோடு போட்டார்கள். ஒரு மாதம் கழித்து ஆட்கள் வந்து கடற்கரையிலிருந்து காயல்கரை வரை கல் நட்டார்கள்.

அந்தக் கோட்டில் மொரேத்தியின் பக்கத்துக்குள் அண்டைவீட்டு ரெரேயாவின் வீடும், சேம்பு போன்ற பபாய்க் கிழங்கை அவள் பயிரிடும் குழியும் அடங்கிப்போயின. கல் இறங்கும் சத்தம் கேட்டு வெளியே வந்தபோதுதான் அந்த வழக்கு தன் வீட்டையும் தொட்டது அவளுக்குத் தெரிந்தது.

அவள் கூச்சல் போடவில்லை. தாராவாவுக்குப் போய், அரசாங்க இலவச வக்கீலைப் பார்த்து, தன்னைக் கேட்காமல் கொடுத்த தீர்ப்பை மறுபரிசீலனை செய்யச் சொல்லி உயர் நீதிமன்றத்தில் மனுப் போட்டுவிட்டு வந்தாள்.

விசாரணை நாளன்று மொரேத்தி விடியற்காலைப் படகில் ஏறினால், நடுவில் பாய் விரித்து ரெரேயா உட்கார்ந்திருந்தாள். வேறு இடமும் இல்லை.

"உக்காரு. வீட்டையே எடுத்துக்கிட்ட, பாய்ல பாதி எடுத்துக்க என்ன வெக்கம்?"

படகு முழுக்கச் சிரித்தது. மொரேத்தி ஓரமாக உட்கார்ந்தான்.

"நானா எடுத்தேன்? கோர்ட்டு குடுத்திச்சு."

"கோர்ட்டுக்கு என்னைத் தெரியாது. உனக்குமா தெரியாது?"

படகு கிளம்பியதும் அவள் சுட்ட ஈரப்பலாத் துண்டு ஒன்றை அவன் பக்கம் தள்ளினாள். மறுக்காமல் தின்றான்.

அது ரெரேயாவின் மாமியாருக்குக் கிடைத்த இடம். மொரேத்திக்கும் தெகாரேவுக்கும் பொதுவான தாத்தா படுக்கையில் விழுந்தபோது இரண்டு வருடம் பார்த்துக்கொண்டது அந்த அம்மாள்தான். அதற்காகக் கிழவர் வாய்ச்சொல்லாகக் கொடுத்துவிட்டுப் போனார், பதிவேட்டில் ஏறவில்லை. இதெல்லாம் மொரேத்திக்குத் தெரியும். தான் வழக்குப் போட மனு எழுதியபோது கோர்ட்டுக் குமாஸ்தா, "யாராச்சும் குடியிருக்காங்களா?" என்று கேட்டதும், இல்லை என்று தான் சொன்னதும் கூட நினைவிருந்தது.

நீதிமன்ற வாசலில் அவன் வக்கீல் தணிந்த குரலில் சொன்னார்: "அந்தம்மா தெகாரே பக்கத்து ஆளு, அவரே அவங்களுக்கும் சேத்துப் பேசுவாருன்னு நெனச்சேன்னு சொல்லுங்க. அதுக்கு மேல நீட்டாதீங்க."

உள்ளே நீதிபதி கேட்டது ஒரே கேள்விதான். "வழக்குப் போடறப்ப இந்த அம்மா அங்க குடியிருக்கறது உங்களுக்குத் தெரியுமா?"

மொரேத்தி சொல்லிக்கொடுத்ததைச் சொல்லத்தான் வாயைத் திறந்தான். மூன்று வரிசை தள்ளி ரெரேயா மடியில் கைகோத்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாகக்கூட இல்லை.

"தெரியுங்க. எங்க வாசல்ல நின்னா அவ அடுப்புப் புகை தெரியும். காத்து திரும்பினா என்ன மீனுன்னும் தெரியும்."

"அப்ப ஏன் பேரைச் சேக்கல?"

"சேத்தா அவ பேசுவா. பேசினா நான் தோத்துருவேனோன்னு பயம்."

அவன் வக்கீல் காகிதங்களை அடுக்கத் தொடங்கினார்.

குடியிருப்பவளுக்குச் சொல்லாமல் கொடுத்த தீர்ப்பு செல்லாது, அவளையும் சேர்த்து வேறு நீதிபதிகள் புதிதாக விசாரிக்க வேண்டும் என்று மதியத்துக்குள் உத்தரவு வந்தது. ரெரேயா தன் வக்கீலிடம், "அப்ப வீடு எனக்குத்தானே?" என்றாள். "இல்லம்மா. இனிமேதான் உங்க வழக்கே ஆரம்பம்" என்றார் அவர். அவள் முகம் விழுந்துவிட்டது.

"ஜெயிச்ச வழக்க வாயாலயே தொலைச்ச ஒரே ஆம்பள நீதான்" என்று வீட்டில் மொரேத்தியின் மனைவி சோறு போடும்போது சொன்னாள்.

மறுவிசாரணை ஊர்ச்சபைக் கூடத்தில் நடந்தது. இந்த முறை தெகாரேயும் வந்து, தாத்தா கொடுத்தது உண்மைதான் என்று சொன்னான். நீதிபதிகள் குழியைச் சுற்றி நடந்தார்கள். வீடும் குழியும் பதினொரு தென்னையும் ரெரேயாவுக்கு, மீதி மொரேத்திக்கு என்று முடிவாயிற்று. கல்லை மாற்றி நட்ட அன்று கயிற்றின் ஒரு முனையை மொரேத்தியே பிடித்துக்கொண்டான்.

வேலை முடிந்ததும் தயங்கித் தயங்கிக் கேட்டான். "காயலுக்கு என் தோணிய இந்த வழியாத்தான் இழுத்துட்டுப் போவேன். இனிமே எப்படி?"

ரெரேயா குழிக்குள் இடுப்பளவு இலைகளுக்கு நடுவில் நின்றிருந்தாள். நிமிரவில்லை.

"எப்பவும் போல போ. ஆனா வாசலாண்ட வர்றப்ப ஒரு குரல் குடு."

மறுநாள் காலை அவன் குரல் கொடுத்தான். உள்ளேயிருந்து, "போ, போ" என்று பதில் வந்தது.