வேனுக்குள் இருந்த சின்னக் கதவு

வாகன விஷயத்தில் அபூதாஹிருக்கு இன்னொருவர் புத்தி சொன்னால் பிடிக்காது. முப்பத்திரண்டு வருஷம் லொறி ஓட்டிய மனிதர். திருகோணமலையிலிருந்து பொத்துவில் வரைக்கும் எந்தத் துறையில் எத்தனை மணிக்குப் பாதை கிடைக்கும், எந்த வளைவில் மணல் ஏறிக் கிடக்கும் என்று நித்திரையிலும் சொல்லுவார். பாதை என்று எங்கள் ஆட்கள் சொல்வது ஆற்றைக் கடக்க வாகனத்தை ஏற்றுகிற மிதவையை. அந்தக் காலத்தில் தெற்கே போகிறவன் ஐந்தாறு துறையிலாவது காத்துக் கிடக்கவேண்டும்.

இவ்வளவு தெரிந்தவர் தன் மனைவி ஸாலிஹாவை ஒருநாளும் கிண்ணியாத் துறைக்கு அப்பால் கூட்டிப் போனதில்லை. அவர்களுக்கு இருப்பது ஒரே மகள், உம்மு குல்சும். அவளைப் பொத்துவிலில் கட்டிக் கொடுத்து ஆறு வருஷமாகிவிட்டது. மூன்று பேரப்பிள்ளைகள். ஒன்றின் முகத்தையும் ஸாலிஹா கண்டதில்லை. கைப்பிள்ளையும் வயிறுமாகவே இருந்த மகளால் அத்தனை துறை கடந்து வர முடியவில்லை. மகள் கடிதத்துக்குக் கடிதம் உம்மாவை வரச்சொல்லி எழுதுவாள். பஸ்ஸில் போனால் தலை சுற்றும் என்று ஸாலிஹா பதில் எழுதுவிப்பாள்.

அதனால்தான் எண்பதாம் ஆண்டில் முதுகு நோவு தாங்காமல் லொறியை விற்றபோது அபூதாஹிர் ஒரு பெரிய யோசனை வைத்திருந்தார். சொந்தமாக ஒரு வாகனம் வாங்குவது, அதில் அவளை ஏற்றிக்கொண்டு கரையோரமாகவே ஒரு மாதம் ஆறுதலாகப் போவது, கண்ட இடத்தில் நிறுத்திச் சமைத்துச் சாப்பிடுவது, கடைசியில் மகள் வீட்டு வாசலில் போய் இறங்குவது. இருபத்தெட்டு வருஷம் தனியே வீட்டைப் பார்த்தவளுக்கு அவர் செய்ய நினைத்த ஒரே மரியாதை அதுதான்.

இரண்டு வாகனங்கள் விற்பனைக்கு வந்திருந்தன. ஒன்று பாலையூற்றில் ஒரு கராஜில் நின்ற பழைய லேண்ட்ரோவர் ஜீப். நாலு சில்லும் இழுக்கும், எந்த மணலிலும் புதையாது என்று அவர் சொன்னார். மற்றது உப்புவெளியில், தவராசாவின் விருந்தினர் விடுதிக்குப் பின்னால் நின்றது. ஒரு வெளிநாட்டுச் சோடி ஊரூராக ஓட்டிக்கொண்டு வந்து, களைத்துப்போய் விற்க நின்ற பெரிய வேன். உள்ளே கட்டில், அடுப்பு, ஜன்னலுக்கெல்லாம் திரைச்சீலை. சுற்றுவட்டாரத்துப் பிள்ளைகள் அதற்கு வீட்டு வேன் என்று பேர் வைத்திருந்தார்கள்.

இரண்டையும் காட்ட ஸாலிஹாவைக் கூட்டிப் போனார். ஜீப்பை அவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. வீட்டு வேனுக்குள் ஏறியவள் கட்டிலையும் பார்க்கவில்லை, அடுப்பையும் பார்க்கவில்லை. பின்பக்கத்தில் ஒடுக்கமான ஒரு சின்னக் கதவு இருந்தது. திறந்தால் ஓர் ஆள் மட்டும் நுழையக்கூடிய கக்கூஸ். அவள் அந்தக் கதவைத் திறந்தாள், சாத்தினாள், திரும்பவும் திறந்தாள். இது நல்லம் என்றாள்.

அபூதாஹிர் வயிறு குலுங்கச் சிரித்தார். கக்கூஸைக் கட்டி இழுத்துக்கொண்டா ஊர் சுற்றுவது என்று தவராசாவிடம் கேட்டு அவரையும் சிரிக்க வைத்தார். அதோடு நில்லாமல் பாடமும் எடுத்தார். இந்தப் பாரத்துக்குப் பாதை ஒருபக்கம் தாழும், வெருகல் பக்கத்து மணலில் அச்சு வரைக்கும் புதையும், பிறகு இழுத்தெடுக்க உழவு மெஷின் தேடவேண்டும். அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. இந்தக் கதையில் எனக்குப் பொறுக்காத இடமே அதுதான்.

அன்று சோறு போடும்போது ஸாலிஹா, அந்த வேனையே எடுப்பமே என்று இன்னொரு தரம் கேட்டாள். கலியாணம் கட்டிய நாளிலிருந்து எதையும் இரண்டாந்தரம் கேட்டு அறியாதவள். அபூதாஹிர் அதைக் கவனித்திருக்கவேண்டும். என்ஜினில் ஒரு சின்னச் சத்தம் மாறினால் அரைக் கட்டைத் தூரத்துக்கு முன்பே பிடித்துவிடுகிற காதுக்கு அது விழவில்லை. உனக்கு என்ன தெரியும் என்று சொல்லிவிட்டுக் கை கழுவினார். அடுத்த கிழமை ஜீப் வீட்டு வாசலில் நின்றது.

புறப்படும் நாளை அவள் மூன்று தரம் தள்ளிப் போட்டாள். நாலாந்தரம் அவர் முகம் கறுத்ததைக் கண்டு சம்மதித்தாள். விடிய எழும்பித் தொழுதுவிட்டு, வெந்தய நிறச் சாரி உடுத்தி, பேரப்பிள்ளைகளுக்குச் சுட்ட பலகாரத்தோடு வந்து ஏறினாள். வாயில் ஒரு சொட்டுத் தேத்தண்ணியும் வைக்கவில்லை. நோன்பு பிடித்தவளைப் போல வருகிறாயே என்று அவர் பகிடி பண்ணினார். அவள் இருக்கையின் நுனியில் குந்திக்கொண்டு இரண்டு கையாலும் முன்கம்பியைப் பிடித்திருந்தாள். ஜீப் பள்ளத்துக்குப் பள்ளம் தூக்கிப் போட்டது. லேண்ட்ரோவரின் பிறவிக் குணம் அது.

கிண்ணியாத் துறையில் நெல் லொறிகள் வரிசையாக நின்றன. ஒன்றரை மணி நேரம் காத்திருந்தார்கள். இடையில் அவள் இரண்டு தரம் வீட்டுக்குத் திரும்புவமா என்று கேட்டாள். அவர் முன்னால் நின்ற லொறிகளை எண்ணிக்கொண்டிருந்தார். இவர்கள் முறை வந்ததும் பாதைக்காரர் மஹ்ரூப் கையைக் காட்டினார். ஆட்கள் இறங்கி நடந்து ஏறவேண்டும், சாரதி மட்டும் வாகனத்தை ஓட்டி ஏற்றவேண்டும். எல்லாத் துறையிலும் அதுதான் வழக்கம்.

ஸாலிஹா இறங்கவில்லை.

"மச்சி இறங்கட்டும் காக்கா, பின்னால வாகனம் நிக்கிது" என்றார் மஹ்ரூப்.

அவள் அசையவில்லை. பின்னால் ஹோர்ன் அடித்தார்கள். இத்தனை வருஷம் தன்னை மதித்த துறையில், அத்தனை சாரதிகளுக்கு முன்னால், தன் மனைவி தன்னைக் கேவலப்படுத்துகிறாள் என்றுதான் அபூதாஹிருக்குப் பட்டது. ஊருக்குக் கேட்கும் குரலில், "இறங்கு எண்டா இறங்கு" என்று அதட்டினார். அவள் இறங்கினாள்.

ஜீப்பைப் பாதையில் ஏற்றி நிறுத்திவிட்டுக் கண்ணாடியில் பின்னால் பார்த்தார். சனத்துக்கு நடுவே அவள் ஆற்றைப் பார்த்தபடி நின்றாள். வெந்தய நிறச் சாரி இடுப்புக்குக் கீழே கால் வரைக்கும் நனைந்து கறுத்திருந்தது. இரண்டு இளந்தாரிகள் ஒருவனை ஒருவன் இடித்துக் காட்டினார்கள். அப்போது கிளிவெட்டிக்குத் திரும்புகிற தயிர்க்காரி நல்லம்மா வெறும் பானைக் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்து ஸாலிஹாவின் முதுகோடு ஒட்டி நின்றாள். அக்கரை வரும் வரைக்கும் அப்படியே நின்றாள். அபூதாஹிர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கிப் போய் அவள் பக்கத்தில் நிற்க அவருக்குத் துணிவு வரவில்லை. அதை நினைத்து அவர் பிறகு எத்தனையோ நாள் வெட்கப்பட்டார்.

அக்கரையில், சனம் கலைந்த பிறகு, ஒரு மருத மரத்தடியில் ஜீப்பை நிறுத்தினார். பையிலிருந்து தான் உடுத்துகிற சாரத்தை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"எவ்வளவு காலமா?" என்று கேட்டார்.

"குல்சுமுக்குப் பிறகு பிறந்து மவுத்தாப்போன புள்ளையோட. குலுக்கினா அடக்க ஏலாது."

இருபத்திரண்டு வருஷம். ஒவ்வொரு தொழுகைக்கும் முன்னால் அவள் உடுப்பு மாற்றுவதை அவர் கண்டிருக்கிறார். சுத்தம் பார்க்கிற அவளுடைய மார்க்கப் பேணுதல் என்று பள்ளிவாசல் முற்றத்தில் நாலு பேரிடம் பெருமையடித்திருக்கிறார். கலியாண வீடுகளுக்கு அவள் போகாததும் அந்தப் பெருமைக் கணக்கில்தான் போயிற்று.

"எனக்கு ஒரு சொல் சொல்லியிருக்கலாமே."

"நீங்க மாசத்தில எட்டு நாள் வீட்ட நிப்பீங்க. எட்டு நாளும் லொறியைப் பத்திக் கதைப்பீங்க" என்றாள். பிறகு, "வேன் நல்லம் எண்டு சொன்னனே. அதச் சொல்லவே எனக்கு எவ்வளவு வெக்கம் தெரியுமா?" என்று சாரத்தில் முகத்தைப் புதைத்து அழுதாள்.

அவருக்கும் அழுகை வந்தது. அடுத்த பாதையில் திரும்பினார்கள். மஹ்ரூபின் கையைப் பிடித்துக் கெஞ்சி, அவளை இறக்காமலே கொண்டுவந்தார்.

மறுநாள் காலையிலேயே உப்புவெளிக்குப் போனார். விடுதிக்குப் பின்னால் சில்லுத் தடம்தான் கிடந்தது. நீர்கொழும்பிலிருந்து ஒருவர் வந்து நாலு நாளைக்கு முன்னம் வேனை வாங்கிப் போய்விட்டாராம். தவராசா தேத்தண்ணி குடிக்கச் சொன்னார். அபூதாஹிர் நிற்கவில்லை.

வீட்டில் ஸாலிஹா ஜீப் இருக்கையைக் கழுவி வெயிலில் வைத்திருந்தாள். வேன் இருந்ததா என்று கேட்டாள். அவர் இல்லையென்று தலையாட்டினார். ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றதற்கு, ஆம்பிளை டொக்டரிடம் மவுத்தானாலும் போகமாட்டேன் என்றாள். இருக்கையை வெயிலுக்குத் திருப்பி வைத்தபடி சொன்னாள்:

"பலகாரம் பழுதாப்போகும். நீங்க போய்ப் பாத்திட்டு வாங்க. மூணு புள்ளையும் ஆர்ட சாயல் எண்டு வந்து சொல்லுங்க."

அபூதாஹிர் தனியாகத்தான் போனார். பக்கத்து இருக்கையில் பலகாரப் பை இருந்தது. எல்லாத் துறையிலும் ஜீப்பைச் சுகமாகப் பாதையில் ஏற்றினார்கள். வெருகலுக்கு அப்பால் மழைக்குப் பிறகு தெரு முழுக்க மணல், இரண்டு லொறிகள் சில்லுப் புதைந்து நின்றன. அவர் கியரை மாற்றினார். அவர் சொன்னபடியே ஜீப் ஓரிடத்திலும் புதையாமல் கடந்து போனது.