ஐந்திதழ்ச் சிலுவை

கார்த்திகை மழை விட்ட கையோடு ராஜையனுக்குக் கால்முட்டு வீங்கிவிட்டது. குலசேகரத்துக்கு மேலே துரைமார் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுகிறவன். மேடேற முடியாதவனுக்கு அங்கே என்ன வேலை? அவன் மனைவி சத்தியபாய் வைத்தியரிடம் ஓடினாள்.

"வாதக்கொடிய அரச்சுக் கெட்டு. அதுபோலயே ஒரு வெசக்கொடி உண்டு, சூச்சிக்கணும், ஏமாந்திராத. வாதக்கொடிக்கு எலக்காம்பே சுருண்டு கொம்பப் பிடிக்கும், அதுதான் அடையாளம்" என்றார் அவர்.

சத்தியபாய்க்கு இலை ஒரு பொருட்டா? வாதக்கொடிப் பூ நாலு வெள்ளை இதழோடு அச்சு அசலாகச் சிலுவைபோல் இருக்கும் என்பது சபைப் பெண்கள் அத்தனை பேருக்கும் தெரியும். ஆண்டவரே முத்திரை குத்தி வைத்த பிறகு காம்பையும் தண்டையும் யார் பார்த்துக்கொண்டிருப்பது! ஓடைக்கரையில் பூவைப் பார்த்தாள், கொடியை வெட்டினாள், அரைத்துக் கட்டினாள்.

காலையில் கட்டை அவிழ்த்தால் முட்டு செக்கச்செவேலென்று கொப்புளித்திருந்தது. "தீயா எரியுதுட்டி" என்று பல்லைக் கடித்தான் ராஜையன். மிச்சக் கொடியைப் புரட்டினாள். ஒரு பூவில் ஐந்து இதழ்!

விஷக்கொடி! கட்டினவனைத் தன் கையாலேயே கொன்றுவிட்டாளே, பாவி. புண்ணில் தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். அவனிடம் ஒன்றும் சொல்லாமல் ஓடைக்கரைக்கு ஓடினாள். எதைக் கட்டினோம் என்று தெரிந்தால்தானே வைத்தியரிடம் மாற்று கேட்க முடியும்?

நேற்று அறுத்த கொடியின் வெட்டுவாய் பச்சையாகத் தெரிந்தது. கொடியை வேர்வரை தடவிப் பார்த்தாள். வேறெதுவும் அதோடு பின்னிக்கிடக்கவில்லை. அந்த ஒற்றைக் கொடியிலேயே நாலிதழும் பூத்திருந்தது, ஐந்திதழும் பூத்திருந்தது; ஒரே கொத்தில் அண்ணன் தம்பிபோல ஒட்டி நின்றன. ஆறிதழ்கூட ஒன்று கிடந்தது. ஆண்டவர் எண்ணி எண்ணி இதழ் வைக்கிறவர் இல்லைபோலும். அப்புறம்தான் இலையைப் பார்க்கத் தோன்றியது. காம்பெல்லாம் சுருண்டு பக்கத்துக் கொம்பை இறுகப் பிடித்திருந்தன. வாதக்கொடியேதான்; கொப்புளித்தது மருந்தின் காரம். சத்தியபாய் ஈரமண்ணில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். போன உயிர் திரும்பி வந்தது.

வீட்டுக்கு வந்தால் ராஜையன் முற்றத்தில் நின்றுகொண்டிருந்தான்.

"எங்கட்டி போன? தோலுதான் எரியுது, முட்டு மடங்குது பாத்தியா?"

"ஒங்களக் கொன்னுட்டேன்னு நெனச்சேன்" என்று அவன் காலைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். அவனுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

"செரி, கொல்லு. மொதல்ல கொஞ்சம் கஞ்சி தா."

அழுகைக்கு நடுவே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துரை வேலையை விட்டு நிறுத்தினால் நிறுத்திக்கொள்ளட்டும். கஞ்சி கேட்க ஆள் இருக்கிறது.