எதிர்க்கரையில் ரெஜிஸ்

மத்தியானச் சாப்பாட்டுக்கு மேசை சொல்லி வைத்ததில்தான் சண்டை தொடங்கியது. கரோன் கால்வாய் ஓரத்து ஊர்களில் சமையல்காரர் ஒன்றரை மணிக்கு அடுப்பை அணைத்துவிட்டால், பெற்ற பிள்ளையே வந்து நின்றாலும் ஒரு முட்டைகூடப் பொரித்துத் தரமாட்டார். முந்தின நாள் ரெஜிஸ் சைக்கிளை வழியெல்லாம் நிறுத்தி நிறுத்தி வந்ததில் அவனும் பெண்டாட்டி மிரேயும் பட்டினி. பூட்டிக் கிடந்த ஒரு தேவாலயத்தின் கதவை அரை மணி நேரம் ஆராய்ந்தான். தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒருவரிடம் மீனின் குடும்ப வரலாறு வரைக்கும் விசாரித்தான். கடைசியில் புருஷனும் பெண்டாட்டியும் மதகுத் திட்டில் உட்கார்ந்து காய்ந்த பிஸ்கட்டைக் கடித்தார்கள்.

மிரேய் அப்போதே தீர்மானித்துவிட்டாள். விடிந்ததும் வழியிலிருந்த உணவகத்துக்குப் போன் போட்டு, பன்னிரண்டரைக்கு இரண்டு பேருக்கு வாத்துக்கறி என்று சொல்லி வைத்தாள். ரெஜிஸோ புறப்பட்ட கொஞ்ச நேரத்திலேயே சந்தையைப் பார்த்துச் சைக்கிளை நிறுத்தினான். ஒரு முலாம்பழம் வாங்குவதற்குக் கடையிலிருந்த அத்தனை பழத்தையும் மோந்து பார்த்தான்.

"பழத்தை வாங்கப்போறியா, கட்டிக்கப்போறியா?" என்றாள் மிரேய்.

"உன்னோட வந்தா ரயில்ல போற மாதிரி இருக்கு. ஊர்ப்பேரைப் படிக்கிறதுக்குள்ள ஊர் போயிடுது."

"ரயில்லயாவது நேரத்துக்குச் சாப்பாடு கிடைக்கும்."

"சாப்பிடறதுக்கா சைக்கிள் மிதிக்கிறோம்?"

"அப்ப நீ தனியா மிதி. அந்தக் கரையில போ. உனக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி."

கோபத்தில் இப்படி ஆயிரம் சொல்வோம். யாராவது செய்வார்களா? ரெஜிஸ் செய்தான். அடுத்த மதகு வந்ததும் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு, மதகுக் கதவின் மேலிருந்த ஒடுக்கமான பலகையில் நடந்து அந்தப் பக்கம் போய்விட்டான். இந்தக் கரையில் வழவழவென்று தார் போட்ட பாதை. அந்தக் கரையில் புல் மண்டிய ஒற்றையடித்தடம், போதாததற்குப் பிளாத்தான் மரங்களின் வேர்கள் புடைத்துக்கொண்டு நின்றன. முதுகு நோகட்டும், அப்போதுதான் புத்தி வரும் என்று மிரேய் நினைத்தாள்.

மேடும் கிடையாது, பள்ளமும் கிடையாது அந்த நாட்டில். சூரியகாந்தி, சோளம், மறுபடியும் சூரியகாந்தி. தூரத்தில் தெரியும் தேவாலயக் கோபுரம் எவ்வளவு மிதித்தாலும் கிட்டே வராது. ஒருவர் கண்ணில் படாமல் இன்னொருவர் ஒளிந்துகொள்ளவும் வழியில்லை. நடுவில் கால்வாயை வைத்துக்கொண்டு இருவரும் சரிசமமாகப் போனார்கள். அவள் திரும்பினால் அவன் மரத்தைப் பார்த்தான், அவன் திரும்பினால் அவள் சோளத்தைப் பார்த்தாள். நாற்பது வருஷத்துக்கு மேற்பட்ட குடித்தனத்தில் இதுவும் ஒரு கொஞ்சல்தான். உணவகத்துக்குப் பக்கத்துப் பாலத்தில் இருவரும் சேரும்போது எப்படிச் சமாதானமாவது என்றுகூட அவள் யோசித்துவிட்டாள். முதலில் அவன் சிரிக்கவேண்டும். அவள் கொஞ்சம் பிகு பண்ணிவிட்டுத்தான் சிரிப்பாள்.

அப்போது ரெஜிஸ் இறங்கினான். சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டுக் கீழே உட்கார்ந்தான்.

மிரேய் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். 'ஆரம்பிச்சுட்டான்' என்று பல்லைக் கடித்துக்கொண்டு நிற்காமல் மிதித்தாள். வேண்டுமென்றே தாமதம் பண்ணுகிறான், நான் திரும்பி வந்து கெஞ்சவேண்டும் என்று பார்க்கிறான், நடக்காது. இப்படி மனசுக்குள் அவனைத் திட்டிக்கொண்டே வெகுதூரம் போய்விட்டாள். பிறகுதான் திரும்பிப் பார்த்தாள். அவன் அதே இடத்தில் சின்னதாகத் தெரிந்தான். சைக்கிள் சரிந்து விழுந்திருந்தது. அவன் அதை எடுத்து நிறுத்தவில்லை. சங்கிலிப் பக்கம் மண்ணில் படும்படி சைக்கிளைக் கிடக்க விடுகிற ஆளில்லை ரெஜிஸ்.

விழுந்தடித்துக்கொண்டு திரும்பி வந்து, அவனுக்கு நேர் எதிரே நின்றாள்.

"என்ன, நாடகமா?" என்று கேட்டாள். நாடகம் என்று அவன் சொல்லிவிடவேண்டுமே என்றிருந்தது.

"ஒண்ணுமில்ல. கொஞ்சம் மூச்சு வாங்குது." அவன் குரல் தண்ணீரைத் தாண்டி மெல்ல வந்தது. "இடது கை கனக்குது. நீ போ. வாத்து ஆறிடும்."

அவன் முகம் பிசைந்த மாவு மாதிரி வெளுத்திருந்தது. சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது.

அவசர உதவிக்குப் போன் போட்டாள். ஓர் இளம்பெண் எடுத்தாள், பதறாமல் கேட்டாள். எந்த மதகு, எந்த ஊர், என்ன வயது. எல்லாவற்றுக்கும் மிரேய் பதில் சொன்னாள்.

"வண்டி கிளம்பிடுச்சு, மதாம். ஆஸ்பிரின் இருக்கா?"

"இருக்கு." மருந்துப் பை அவளுடைய சைக்கிளில்தான் தொங்கியது.

"ஒண்ணு குடுத்துச் சவைக்கச் சொல்லுங்க. சட்டைப் பொத்தானைக் கழட்டிவிடுங்க. கையைப் பிடிச்சிட்டே பேசிட்டிருங்க."

"முடியாது. அவன் அந்தக் கரையில இருக்கான்."

"நீங்க?"

"நான் இந்தக் கரையில."

"சரி, போனை மட்டும் வைக்காதீங்க" என்றாள் அந்தப் பெண். ஏன் என்று கேட்காமல் விட்டாளே, அதற்காக மிரேய் அவளைக் கையெடுத்துக் கும்பிட்டிருப்பாள்.

முன்னாலிருக்கும் பாலமும் தூரம், பின்னால் அவன் கடந்த மதகும் தூரம். மிரேய் சைக்கிளில் ஏறினாள். பத்து மிதி மிதித்திருப்பாள்.

"மிரேய்! போகாத!"

அத்தனை வருஷத்தில் அவன் ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. திரும்பி வந்தாள். போனால் அவனைப் பார்க்க முடியாது, நின்றால் தொட முடியாது. மறுபடி ஏறினாள், மறுபடி இறங்கினாள். கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. நீச்சல் தெரியாது. தெரியாவிட்டால் என்ன என்று நாணலுக்குள் காலை வைத்தாள். சேறு முழங்கால்வரை இழுத்தது. நாணலைப் பற்றிக்கொண்டு தவழ்ந்து கரையேறினாள்.

ஆஸ்பிரின் அட்டையை ஒரு காலுறைக்குள் போட்டு, ஒரு கல்லையும் வைத்து முடிச்சுப் போட்டாள். பலம் கொண்ட மட்டும் வீசினாள். எதிர்க்கரைக்கு ஒரு முழம் இருக்கும்போது அது தண்ணீரில் விழுந்து அமிழ்ந்தது. ரெஜிஸ் அதை எட்டிப் பிடிக்கக்கூட முயலவில்லை. வட்டங்கள் விரிவதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சின்ன வயசுலயும் உனக்குப் பந்து வீச வராது" என்றான்.

"வாயை மூடிட்டு மூச்சு விடு" என்று அவள் அழுதாள்.

அப்போதுதான் படகு வந்தது. வாடகைக்கு எடுத்து ஊர் சுற்றும் வெளிநாட்டுக்காரர்களின் படகு. கூரைமேல் சைக்கிள்கள், பூத்தொட்டிகள், வைக்கோல் தொப்பி வைத்த இரண்டு ஜோடிகள். மிரேய்க்குப் போன உயிர் திரும்பி வந்தது. இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினாள். "நிறுத்துங்க! என்னை அந்தப் பக்கம் விடுங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினாள்.

படகிலிருந்தவர்களும் கையாட்டினார்கள்.

கால்வாயில் அதுதான் வழக்கம். கரையில் போகிறவர் படகுக்குக் கையாட்டவேண்டும், படகில் இருப்பவர் கரைக்குக் கையாட்டவேண்டும். காலையிலிருந்து அவளே எத்தனை படகுக்கு ஆட்டியிருப்பாள்! இயந்திரச் சத்தத்தில் அவள் சொன்னது ஒன்றும் அவர்கள் காதில் விழவில்லை. ஒரு பெண் மதுக்கோப்பையை உயர்த்தி வாழ்த்தினாள். அந்தப் பக்கம் ரெஜிஸும் கையை உயர்த்தினான். அவர்கள் அவனுக்கும் திரும்பி, அதே சந்தோஷத்தோடு கையாட்டினார்கள். படகு நீளம், வேகமோ நடை வேகம். மெல்ல மெல்ல அவனை மறைத்தது, மெல்ல மெல்ல விலகியது.

விலகியபோது ரெஜிஸ் ஒருக்களித்துக் கிடந்தான்.

"மதாம், அவர் நெஞ்சு ஏறி இறங்குதா?" போனில் அந்தப் பெண் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"இங்கேருந்து தெரியல" என்றாள் மிரேய். "இங்கேருந்து ஒண்ணும் தெரியல."

அங்கே ஆம்புலன்ஸ் வேலையும் பார்க்கும் தீயணைப்புப் படையின் சிவப்பு வண்டி தார்ப் பாதையில் வந்தது. வண்டி போகக்கூடிய கரை இந்தக் கரை ஒன்றுதான். குதித்து இறங்கிய இளைஞன் சேறும் கண்ணீருமாக நின்றவளைப் பார்த்ததும் தோளைப் பிடித்து உட்காரவைத்து, நாடியைத் தேடினான். "பயப்படாதீங்க மதாம், வந்துட்டோம்."

"நானில்ல" என்றாள். கையை நீட்டிக் காட்டினாள்.

அவன் தண்ணீரைப் பார்த்தான். வண்டியைப் பாலத்துக்கு விடச் சொல்லிக் கத்தினான். காலணியை உதறிவிட்டுக் குதித்தான். எண்ணி ஏழெட்டு வீச்சு, அந்தக் கரையில் ஏறிவிட்டான். இவ்வளவுதானா தூரம்! மிரேய் நெஞ்சில் அறைந்துகொண்டாள். நின்று, ஏறி, இறங்கி, எறிந்து, கையாட்டி, இவ்வளவு நேரமும் இந்த ஏழெட்டு வீச்சுக்குத்தானா?

இளைஞன் ரெஜிஸை மல்லாத்தினான். மண்டியிட்டு, இரண்டு கையையும் நெஞ்சில் வைத்து அழுத்தத் தொடங்கினான். தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது.

"பேரென்ன?" என்று இங்கே பார்த்துக் கத்தினான்.

"ரெஜிஸ்!"

"ரெஜிஸ்! ரெஜிஸ்! கேக்குதா?"

காலையிலிருந்து அவள் ஒருமுறைகூடச் சொல்லிக் கூப்பிடாத பெயர். யாரோ ஒரு பையன் அவனைத் தொட்டு, கன்னத்தைத் தட்டி, அவளுக்குப் பதிலாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். அவளும் கூப்பிட்டாள். இரண்டு கரையிலிருந்தும் மாறி மாறிக் கூப்பிட்டார்கள். ரெஜிஸ் இருவருக்குமே பதில் சொல்லவில்லை.