மூத்தாரின் மணிக்கட்டு

மல்லாட்டைப் பயிருக்குத் தண்ணீர் கட்டுவதில் அண்ணன் தம்பிக்குள் சண்டை வராத வீடு எது? ஆனால் எங்கள் தெருத் தேவநாதன், நுகத்தடியை எடுத்து அண்ணன் சுப்பராயலுவின் மண்டையிலேயே போட்டுவிட்டான். அண்ணன் நினைவில்லாமல் திண்டிவனம் ஆஸ்பத்திரியில். தம்பி விழுப்புரம் லாக்கப்பில். பெரியவர் போய்விட்டால் சின்னவனுக்குத் தூக்கோ தீவாந்தரமோ என்று தெருவே தீர்ப்பு எழுதிவிட்டது.

கஞ்சி கொண்டுபோகிற சாக்கில் நானும் போனேன். நினைவில்லாதவருக்குக் கஞ்சி எதற்கு என்று கேட்காதீர்கள்.

அங்கே பார்த்தால், புருஷனின் அண்ணன் நிழலைக்கூட மிதிக்காத தையல்நாயகி, தேவநாதன் பெண்டாட்டிதான், மூத்தாரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்!

விசாரிக்காமல் விடுவேனா? ரத்த அழுத்தம் பார்க்கும் பெட்டியில் ரப்பர் பை கிழிந்துவிட்டதாம். யுத்த காலத்தில் ரப்பருக்கு எங்கே போவது? "யாராவது நாடியைப் பிடித்தபடியே இருங்கள். மண்டைக்குள் ரத்தம் கட்டினால் நாடி மந்தமாகும், உடனே கூப்பிடுங்கள்" என்றாராம் டாக்டர். சொந்தப் பெண்டாட்டி கிருஷ்ணவேணிக்கோ அழுகிற அழுகையில் நாடி எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை. கோபம் மட்டும் வந்தது.

"என் புருஷன் கைய நீ ஏண்டி புடிச்சிக்கினு கீற?"

"உன் தாலியும் என் தாலியும் இந்தக் கையிலதான் ஓடுதுக்கா. வாய மூடிக்கினு இரு."

மத்தியானம் தையல்நாயகியே அலறினாள். "டாக்டரய்யா, ஜல்தி வாங்க! நாடி மெதுவாயிடுச்சு!"

உள்ளே தூக்கிப்போய், மண்டையோட்டில் துளை போட்டு, கட்டியிருந்த ரத்தத்தை எடுத்தார்கள். பிழைத்துக்கொண்டார்.

அவர் நன்றாகப் பேச ஆரம்பித்ததும் ஏட்டு வாக்குமூலம் எழுத வந்தார். கை இன்னும் தையல்நாயகியிடம்தான்.

"இன்னும் என்னாத்துக்கும்மா? கைய வுடு," என்றார் சுப்பராயலு, கூச்சத்தில் நெளிந்துகொண்டு.

"தடுக்கி வுழுந்தேன்னு சொல்லுங்க மாமா, வுடுறேன்."

"அவன் நுகத்தடியால..."

பிடி இறுகியது. வார்டு முழுக்கத் தலையைத் தூக்கிப் பார்த்தது. நான் நன்றாகத் தெரியட்டும் என்று கட்டில் பக்கத்துக்கே போய்விட்டேன்.

"சொல்லித் தொலைங்களேன்!" என்று பல்லைக் கடித்தாள் கிருஷ்ணவேணி. "எல்லாம் பாக்குதுங்க, மானம் போவுது!"

அந்தப் பக்கம் வந்த டாக்டர் இன்னொரு கையைத் தொட்டுப் பார்த்து, "பலே, குதிரை மாதிரி ஓடுதே!" என்று திருப்தியாகப் போய்விட்டார்.

"கெணத்து மேட்டுல தடுக்கி வுழுந்தேன்," என்றார் சுப்பராயலு, கூரையைப் பார்த்து.

ஏட்டு எழுதினார். ரேகை வைக்க இடது கைப் பெருவிரல் போதும் என்றார். மை காயும்வரை தையல்நாயகி வலது கையை விடவில்லை.