கிளி கீறிய எடைக்கல்

தன் தராசு கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்பதைப் பார்த்ததும் கடைக்காரம்மாவுக்குச் சிரிப்புதான் வந்தது. பருப்பும் ஆணியும் சோப்பும் நிறுத்துப் போட்ட தராசு, பரணில் ஒட்டடை பிடித்துக் கிடந்தது. "ஊர்க்கதை சொல்ற சாமானெல்லாம் சேக்குறோம்மா, குடுங்களேன்" என்று அருங்காட்சியகத்துப் பெண் வந்து கேட்டபோது, சனியன் தொலைந்தது என்று தூக்கிக் கொடுத்தாள். இப்போது பழைய பஞ்சாலைக் கிடங்கில், வெள்ளையடித்த சுவரோரம், அது மணப்பெண் மாதிரி விளக்கு வெளிச்சத்தில் நிற்கிறது. பக்கத்தில் எடைக்கல் வைக்கும் மரப்பெட்டி. ஒவ்வொரு பித்தளைக் கல்லுக்கும் அதனதன் அளவில் ஒரு குழி. ஒரு குழி மட்டும் காலி.

காலிக் குழியைப் பார்த்ததும் சிரிப்பு அடங்கிவிட்டது. அந்தக் கல் காணாமல் போனதற்குப் புருஷனை அவள் பேசாத பேச்சில்லை. அவரும் வாயில்லாப் பூச்சி மாதிரி கேட்டுக்கொண்டார். போய்ச் சேர்ந்துவிட்ட மனுஷனை இப்போது நினைத்து என்ன பயன்?

இன்று திறப்பு விழா. பேசப்போகிறவர் அவளுடைய அண்ணன். ஆலையில் வேலைநிறுத்தம் செய்தவர்களில் இன்னும் நடமாடிக்கொண்டிருப்பவர் அவர்தான். மேடையேறினால் ஒரே கதையைத்தான் சொல்வார், ஊரும் புதிதாகக் கேட்பதுபோல் கேட்கும்.

ஆலையில் ஒவ்வொருவருக்கும் நம்பர் பொறித்த பித்தளை வில்லை உண்டு. வாசலில் அதைக் காட்டினால்தான் உள்ளே விடுவார்கள். வேலைநிறுத்தம் தொடங்கிய காலையில் அத்தனை பேரும் ஊர்வலமாகப் போய், பாலத்தில் நின்று, வில்லைகளை ஆற்றில் எறிந்தார்கள். வில்லையை மேனேஜர் கையில் ஒப்படைக்கிறவனுக்கு வேலை நிச்சயம் என்று ஆலை ஆசை காட்டியிருந்தது. ஒருத்தன்கூடக் கொடுக்கவில்லை என்பது இந்த ஊரின் பெருமை.

ஊரின் சிறுமை அதற்குப் பிறகு நடந்தது. கடைக்காரம்மாவின் கடைப் பின்கட்டில்தான் ரகசியக் கூட்டம் கூடுவார்கள். ஒருநாள் போலீஸ் வந்து எல்லோரையும் அடித்து இழுத்துக்கொண்டு போனது. அண்ணனுக்கும் மண்டை உடைந்தது. அவள் புருஷன் மட்டும் மாட்டவில்லை. ஆலையில் ஃபிட்டராக இருந்த மனுஷன், கூட்டத்துக்கு விளக்கேற்ற மண்ணெண்ணெய் வாங்கப் போயிருந்தார். "அவனுக்கு மட்டும் கரெக்டா அந்த நேரத்துல எண்ணெய் தீர்ந்துச்சாமா?" என்றது ஊர். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? அன்றிலிருந்து அவர் பெயர் 'ஊதுகுழல்'. மேனேஜர் காதில் ஊதியவர்.

"நான் சொல்லலடி. நீயாவது நம்பு" என்றார் அவர். அவள் நம்பத்தான் பார்த்தாள். மனசு கேட்காமல் அண்ணனிடம் போய்க் கேட்டாள். தலையில் கட்டோடு படுத்திருந்த அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்:

"விடும்மா. என்ன இருந்தாலும் நம்ம வீட்டு மாப்பிள்ளை. போனது போகட்டும்."

அதற்குமேல் யார் சாட்சி வேண்டும்? அடிபட்டவரே மன்னித்துவிட்டாரே என்று அண்ணன்மேல் மலையளவு நன்றி வைத்தாள். புருஷனுக்குச் சோறு போட்டாள், முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆலை மறுபடி திறந்ததும் அண்ணனைக் கூப்பிட்டு மேஸ்திரியாக்கினார்கள். கைத்திறமை அப்படி என்றார்கள். ஊதுகுழலை ஆலையும் சேர்க்கவில்லை, ஊரும் சேர்க்கவில்லை. அவர் செத்தபோது தூக்க ஊரிலிருந்து வந்தவர் அண்ணன் ஒருவர்தான். அதற்கும் அவள் நன்றி சொன்னாள்.

கூட்டம் சேர்ந்துகொண்டிருந்தது. கடைக்காரம்மா அடுத்த கண்ணாடிப் பெட்டிக்கு நகர்ந்தாள். புதுப் பாலத்துக்குத் தூண் தோண்டியபோது கிடைத்த வில்லைகள், பச்சைக் களிம்பு ஏறி, ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. நடுவில் கொஞ்சம் தடியாக ஒரு வட்டம். அட்டையில் எழுதியிருந்தது: 'எடைக்கல். வில்லைகளோடு எப்படி வந்தது என்பது தெரியவில்லை.'

கல் அடிப்பக்கம் மேலே தெரியக் கிடந்தது. அவள் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தாள்.

அந்தத் தெருவில் கடைக்காரர்கள் ஒருவருக்கொருவர் எடைக்கல் இரவல் கொடுப்பார்கள். மாறிவிடக் கூடாதென்று அவரவர் கல்லின் அடியில் ஒரு அடையாளம் கீறிவைப்பது வழக்கம். அவள் புருஷன் ஆசையாகக் கிளி கீறினார். அது செருப்பு மாதிரி வந்தது. "செருப்புக்கடை கல்லு வந்திருக்கா?" என்று தெருவே கேலி செய்யும். களிம்புக்கு அடியில் இப்போதும் அந்தச் செருப்பு, வாலும் மூக்குமாக, அப்படியே இருந்தது.

பக்கத்தில், தனியாக ஒரு துணிமேல், களிம்பே ஏறாத ஒரு வில்லை. 'மேனேஜர் வீட்டு மேசை இழுப்பறையில் கிடைத்தது. அவர் பேத்தி கொடுத்தது.' நம்பர் முப்பத்தேழு.

முப்பத்தேழு. அண்ணனுக்குக் கல்யாணமாகும் வரை அதற்குக் கயிறு கோத்துக் கொடுத்தவள் அவள்தான். ஊர்வலத்தன்று காலையில் கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனதும் அண்ணன்தான். எறியக் கையில் வில்லை இல்லாமல், தராசடியில் கிடந்த கல்லை எடுத்துப் போயிருக்கிறான். பித்தளை மின்னினால் போதும், தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்கு எல்லாம் ஒன்றுதான்.

வில்லையைக் கொடுத்தவனே கூட்டத்தையும் காட்டிக்கொடுத்திருக்கிறான். உண்ட வீட்டுக்கு ரெண்டகம் செய்தவன் மண்டையை உடைத்துக்கொண்டு தியாகியானான். மண்ணெண்ணெய் வாங்கப் போனவர் ஊதுகுழலானார். அவள் ஒரு மடச்சி, கள்ளனிடமே போய்த் திருடன் யார் என்று கேட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

"என்னம்மா, முகமெல்லாம் வேர்க்குது?" என்று அருங்காட்சியகத்துப் பெண் ஓடி வந்தாள்.

"இந்தக் கல்லை எடும்மா. இது என் கடைக் கல்லு."

அந்தப் பெண் இரண்டு கண்ணாடிப் பெட்டிகளையும் திறந்து, கல்லை எடுத்துக் கொடுத்தாள். கடைக்காரம்மா மரப்பெட்டியின் காலிக் குழியில் வைத்தாள். அளவெடுத்ததுபோல் உட்கார்ந்தது.

"ஐயோ, இது யாரு கல்லுன்னு எவ்ளோ நாளா தேடுறோம்! இது எப்படிம்மா ஆத்துக்குப் போச்சு?"

அண்ணன் பின்னால் வந்து நின்றதை அவள் அப்போதுதான் பார்த்தாள். கழுத்தில் மாலை. அவன் கண் முதலில் கல்லுக்குப் போனது, பிறகு முப்பத்தேழுக்கு. மாலையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான்.

"கொஞ்சம் இப்படி வாம்மா" என்று அவளைத் தூணோரம் அழைத்துப் போனான். "எனக்கு அப்ப கைக்குழந்தைம்மா. மாப்பிள்ளைமேல பழி விழும்னு நான் நெனைக்கவே இல்ல."

"விழுந்த பிறகு?"

அவன் மாலையின் நாரைத் திருகினான். "அவருதான் போயிட்டாரே. இனிமே தெரிஞ்சு யாருக்கு என்ன லாபம்? எனக்குன்னு ஊர்ல இருக்குறது இந்தப் பேரு ஒண்ணுதான்" என்றான்.

"அவருக்கும் பேருன்னு ஒண்ணு இருந்துச்சு."

மைக்கில் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். கைதட்டல் எழுந்தது. போகாமல் இருக்க முடியாது, போனான். கடைக்காரம்மா பெட்டியிலிருந்து கல்லை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு, முன்வரிசையில் போய் உட்கார்ந்தாள். கூடப் பிறந்தவன், ஒரே தட்டில் சோறு தின்றவன் என்று ஒரு குரல் உள்ளே கெஞ்சியது. அதே தட்டில் புருஷனும் தின்றாரே, தலை நிமிராமல் தின்றாரே.

அண்ணன் தொண்டையைச் செருமினான். அவள் பக்கம் பார்க்காமல், வழக்கமான கதையைத் தொடங்கினான். பழகிப்போன வாய் தானே ஓடியது. "அன்னிக்குப் பாலத்து மேல நின்னு எல்லாரும் எறிஞ்சோம். நானும் என் கையால எறிஞ்சேன். தண்ணியில விழுந்த சத்தம் இன்னும் என் காதுல..."

கடைக்காரம்மா எழுந்து நின்றாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து, கல்லை மேடை விளிம்பில், கிளி மேலே தெரிய வைத்தாள்.

"என்னத்தண்ணா எறிஞ்சே?" என்று கேட்டாள். "அதையும் சொல்லு. எல்லாரும் கேக்கட்டும்."