அப்பாவின் மாறுகண்

அன்று மழை பெய்ததா என்று எனக்கு உறுதியாக நினைவில்லை. பிறர் சொன்னதும் இதில் கலந்திருக்கலாம். ஆனால் அக்கா போட்ட சத்தம் மட்டும் பொய்யில்லை.

அப்பா இறந்த மறு வருடம், வீட்டு ஆல்பங்களை எல்லாம் தம்பி ஸ்கேன் செய்து கைப்பேசியில் ஏற்றினான். பெருமையாக அம்மாவிடம் நீட்டினான்.

அம்மா உற்றுப் பார்த்தாள். "யாருடா இந்த ஆளு?"

"என்னம்மா, அப்பாவைத் தெரியலையா?"

அக்கா வெடுக்கென்று பிடுங்கிப் பார்த்தாள். அப்பாவுக்குப் பிறவியிலேயே மாறுகண். அவர் தம்பியைத் திட்டினால், தன்னைப் பார்த்துத்தான் திட்டுகிறார் என்று அக்காதான் பயந்து நடுங்குவாள். இந்தப் படங்களிலோ இரண்டு கண்களும் நேராக இருந்தன. கன்னத்துத் தழும்பையும் காணோம்.

"ஆப் தானாவே சரி பண்ணிடுச்சுக்கா. எவ்வளவு அழகா இருக்காரு பாரு!"

"அவரு கண்ணு உன்கிட்ட ரிப்பேருக்கு வந்துச்சாடா? பழைய படமெல்லாம் எங்க?"

"பூஞ்சை பிடிச்சுக் கிடந்துச்சு. பழைய பேப்பர் கடையில போட்டுட்டேன்."

அக்கா செருப்புகூடப் போடாமல் ஓடினாள். கடையில் இருந்த மூட்டைகள் ஏற்கெனவே காகித ஆலைக்குப் போய் அரைபட்டிருந்தன.

திரும்பி வந்தவளிடம் தம்பி மெல்லச் சொன்னான்: "ஆப் மாத்தினது ஸ்கேன் பண்ணது மேலேயே சேவ் ஆயிடுச்சு, அசல் ஸ்கேனும் இல்ல. ஆனா பழையபடி மாத்திடலாம்க்கா."

"எதைப் பார்த்துடா மாத்துவே?"



அம்மா அதன்பின் சில வருடங்கள் இருந்தாள். அந்தப் படங்களைக் கேட்கவே இல்லை. தம்பி வேலைக்காக வெளியூர் போய்விட்டான். அக்கா அவனோடு பேசுகிறாள், அவன் அனுப்பும் படங்களை மட்டும் திறப்பதில்லை.