வீட்டுக்கென்று ஒதுக்கிய கடலை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, என் தலையில் கட்டப்பட்டது. வேளாண்மை அலுவலகத்து அம்மா என்னை எதிரே உட்காரவைத்து, கடலையில் வரும் பூசண நஞ்சைப் பற்றி விவசாயிகளுக்கு ஒரு கதை கேட்டார்.

"அஃப்ளாடாக்சின்னு பேரு சார். கண்ணுக்குத் தெரியாது, வறுத்தாலும் முழுசாப் போகாது, ஈரலைக் கெடுக்கும். பயமுறுத்தாம எழுதணும்."

"நீங்க இப்பவே பயமுறுத்திட்டீங்களேம்மா."

"முடிவு நல்லா இருக்கணும்."

அப்பாவின் கடலை மண்டியில் மூட்டைமேல் உட்கார்ந்து வளர்ந்தவன் நான். சரக்கைப் பார்க்குமுன் முடிவைக் கேட்கிறவரிடம் உடனே தலையாட்டக் கூடாது என்று எனக்குத் தெரியும். தலையாட்டினேன்.*

* டீ நன்றாக இருந்தது.

2

முதல் தொடக்கம்: "கதிரவன் தன் பொற்கரங்களால் வயலைத் தழுவிய" — வேண்டாம். இப்படிப் பளபளக்கும் மூட்டையை என் அப்பா பிரித்தே பார்க்க மாட்டார்.

இரண்டாவது: "அறியாமை இருளில் மூழ்கிய ஒரு விவசாயி" — இதைப் படித்துவிட்டு எந்த விவசாயி அடுத்த வரிக்கு வருவார்?

மூன்றாவது: கறார் அக்காவுக்கு முக்கால் ஏக்கர் நிலம் இருந்தது. (இது நிற்கும்.) சொன்ன சொல்லிலிருந்து இறங்காததால் வந்த பெயர். கூட இருப்பது மகள். ஏழு மாதக் கர்ப்பிணி. அவள் வாய்க்கு எந்நேரமும் கடலை வேண்டும்.

போன வருடம் அக்காவின் மூட்டைகள் நஞ்சுச் சோதனையில் தேறாமல் திரும்பி வந்தன. தோடு சுலபமாக உரியும், பருப்பு உடையாது என்று, நன்றாகக் காய்ந்த காயில் தண்ணீர் தெளித்திருந்தாள். எல்லாரும் தெளிப்பதுதான். அந்த ஈரத்தில் பூசணம் குடியேறிவிட்டது.

3

இந்த வருடம் அக்காவை அலுவலகத்து அம்மா விரும்பியபடியே நடக்கவைத்தேன். காயைத் தார்ப்பாயில் பரப்பினாள். குலுக்கினால் உள்ளே பருப்பு கலகலவென்று ஆடும்வரை காயவைத்தாள். ஒரு சொட்டுத் தண்ணீர் தெளிக்காமல் கையாலேயே உரித்தாள். கட்டைவிரல் கன்றியதும் திட்டினாள், பூசணத்தை அல்ல, என்னை. பிறகு தாயும் மகளும் உட்கார்ந்து சூம்பியது, கறுத்தது, பூசணம் படிந்தது என்று ஒவ்வொன்றாகப் பொறுக்கி நீக்கினார்கள். நஞ்சில் பெரும்பங்கு அந்தச் சில பருப்புகளில்தான் இருக்குமாம்.

சோதனைக்குக் கொடுத்த மாதிரி தேறியது. மூட்டைகளைத் தைத்து வைத்தாள். வண்டி வரவேண்டியதுதான் பாக்கி. சுபம்.

எழுதியதை மடித்துப் பையில் வைத்த பிறகுதான் உறுத்தியது: பொறுக்கி எடுத்ததெல்லாம் எங்கே போயிற்று? நான் எழுதவில்லையே?

4

கதைக்குள் திரும்பிப் போய்த் தேடினேன். அக்காவின் சமையலறையில், ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் இருந்தது.

"இது எதுக்குக்கா?"

"வீட்டுக்கு."

"ஐயோ, இதுலதானே விஷமே இருக்கு!"

"விக்கறதுலதான் இருக்கக் கூடாதுன்னாங்க. வீட்டுல வந்து யாரு தம்பி சோதனை பண்ணப்போறா?"

கேட்டீர்களா? தேறியது ஊருக்கு, தேறாதது பிள்ளைத்தாய்ச்சிக்கு. சிரிக்காதீர்கள். எங்கள் மண்டியிலும் அந்த டப்பா இருந்தது. அதைத் தின்றுதான் ஆளானேன்.*

 * இந்தக் கதை சுமாராக இருந்தால் காரணம் இப்போது விளங்கியிருக்கும்.

"கொட்டிடுங்கக்கா."

"ரெண்டு படி இருக்கு, கொட்டறதா? கோழிக்காவது போடறேன்."

"கோழிக்கும் ஆகாது."

"மாட்டுக்கு?"

"பால்ல வந்துடும்."

"அப்போ நீ எடுத்துட்டுப் போ. இவ்ளோ பேசினா பசிக்குமில்ல."

பேரத்தில் நான் தோற்பது அபூர்வம். நானே உண்டாக்கிய ஆளிடம் தோற்றது இதுதான் முதல்முறை.

5

கைவசம் மூன்று முடிவுகள் உண்டு.

(அ) அக்கா மனம் மாறி அந்தக் கடலையை டப்பாவோடு குழியில் புதைக்கிறாள். அலுவலகத்து அம்மா கைதட்டுவார். ஆனால் உருண்டோடிய ஒரு பருப்புக்காகக் கட்டிலுக்கடியில் படுத்துத் துழாவுகிறவள் இவள். நம்புவீர்களா?

(ஆ) மகள் ஒரு பிடி தின்று, மறுநாளே மயங்கி — இல்லை. இந்த நஞ்சு பொதுவாக அப்படி அவசரப்படாது. வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வேலை பார்க்கும். அதனால்தான் அக்காவும் பயப்படவில்லை. வயிற்றுப்பிள்ளைக்காரியை வைத்து வாசகரை மிரட்டுவது கலப்பட வியாபாரம்.

(இ) தைத்த மூட்டையைப் பிரித்து, தேறிய கடலையில் இரண்டு படி வீட்டுக்கு எடுப்பது. இதைச் சொன்னபோது அக்கா, கூரையைப் பிரிக்கச் சொன்னது போல என்னைப் பார்த்தாள்.

"முதல் தரத்தையா? நாங்களா?"

இத்தனை வருடம் விளைவித்தவள் அதன் ருசியைக் கேள்விப்பட்டதோடு சரி.

6

வண்டி வந்துவிட்டது. வாசலில் ஹாரன் அடிக்கிறார்கள்.

"அம்மா, ஒரு பிடி கடலை குடேன்" என்று மகள் கையை நீட்டுகிறாள்.

அக்காவின் இடது கை டப்பா மூடியில் இருக்கிறது. வலது கையில் மூட்டை தைத்த ஊசி. அதே ஊசியால் தையலைப் பிரிக்கவும் முடியும்.

"நீதானே எழுதறே? என்ன பண்ணட்டும், சொல்லித் தொலை" என்கிறாள்.

நான் பேனாவை மூடி, உங்களைக் கைகாட்டிவிட்டேன். அக்கா உங்கள் பக்கம் திரும்பிவிட்டாள். பேசிப் பாருங்கள். சீக்கிரம் பேசுங்கள், அந்தப் பெண் எவ்வளவு நேரம் கையை நீட்டிக்கொண்டே நிற்பாள்?